காய்ச்சல் ஏறாத முயல்கள்: அகநச்சுச் சகிப்பு பற்றிய கருத்துகளின் வளர்ச்சி

காலராக் கிருமி செத்த பின்னும் நஞ்சாகவே இருக்கிறது என்பதை 1892இல், பெர்லினில் ராபர்ட் காக்கிடம் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர் கண்டறிந்தார். வெப்பத்தால் கொல்லப்பட்ட கிருமிகளும் கினிப் பன்றிகளைக் கொன்றன. கிருமியின் உடலிலேயே உறைந்திருந்த அந்த நஞ்சுக்கு அவர் அகநச்சு என்று பெயரிட்டார். கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடுதான் அது.

இதே நஞ்சை மருத்துவர்கள் பின்னர் மருந்தாகவும் பயன்படுத்தினர். நோயாளிக்குக் காய்ச்சலை வரவழைத்துக் குணமாக்கும் சிகிச்சை நடைமுறையில் இருந்த காலத்தில், அகநச்சு அடங்கிய டைஃபாய்டு தடுப்பூசி மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். அளவைக் கூட்டிக்கொண்டே போனால்தான் காய்ச்சல் ஏறியது. இதை முறையாகச் சோதித்தவர் பால் பீசன். 1946-47இல் அவர் வெளியிட்ட முயல் ஆய்வுகளே இத்துறையின் அடித்தளம் என்பேன். நாள்தோறும் ஊசி போடப்பட்ட முயல்களுக்குக் காய்ச்சல் படிப்படியாகக் குறைந்தது. டைஃபாய்டு நச்சுக்குப் பழகிய முயல், வேறு கிருமிகளின் நச்சையும் தாங்கியது. இரத்தத்தில் இருந்த எதிர்ப்புரதங்களின் அளவுக்கும் இந்தத் தாங்குதிறனுக்கும் பொருத்தம் காணப்படவில்லை. எக்ஸ்-ரே படங்களுக்குப் பயன்பட்ட தோரோட்ராஸ்ட் என்ற தோரியக் கரைசலைச் செலுத்தி விழுங்கு செல்களை அடைத்ததும் காய்ச்சல் திரும்பியது. பழகிய உடலில் அந்தச் செல்கள் நச்சை விரைந்து அப்புறப்படுத்துகின்றன என்று பீசன் முடிவுகட்டினார். செல்லைச் சரியாகவே சுட்டினார். அது செய்யும் வேலையைத்தான் முழுமையாகப் பிடிக்கவில்லை.

1960களில் மேரிலாந்தில் ஷெல்டன் கிரெய்ஸ்மன் குழுவினர், சகிப்பு எனப்படும் இந்தத் தாங்குதிறனை இரு கட்டங்களாகப் பிரித்தனர். விரைவில் தோன்றி மறைவது ஒன்று. பின்னர் எதிர்ப்புரதங்களின் துணையோடு வருவது மற்றொன்று. தற்காலிகமான முதல் கட்டத்தின் இருப்பிடத்தை 1988இல் ஃப்ரைபுர்க்கில் மரினா ஃப்ராய்டன்பெர்க்கும் கிறிஸ் கலானோஸும் உறுதிசெய்தனர்: மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள். அகநச்சுக்கு அசையாத சி3எச்/ஹெச்இஜே என்ற எலி இனத்துக்கு, நச்சை உணரும் எலிகளின் மேக்ரோபேஜ்களைச் செலுத்தினால் அந்த எலிகளும் நச்சுக்கு ஆளாயின. முன்கூட்டியே சிறிதளவு நச்சு கொடுத்தால் அதற்குச் சகிப்பும் பெற்றன. அந்த எலி இனம் ஏன் அசையவில்லை என்பதை 1998இல் புரூஸ் பாய்ட்லரின் ஆய்வகம் விளக்கியது. டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது.

ஏற்பி தெரிந்த பிறகு, அதன் குரலைத் தணிக்கும் தடைகளைத் தேடினார்கள். ஐராக்-எம் என்ற புரதம் இல்லாத எலிகளின் மேக்ரோபேஜ்களில் சகிப்பு குன்றுவதை 2002இல் கண்டனர். என்றாலும் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் 2007இல் ஃபாஸ்டர், ஹார்க்ரீவ்ஸ், மெட்ஜிடோவ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுதான். ஏற்பியிலேயே தடை போடப்பட்டிருந்தால் அதன் கீழுள்ள மரபணுக்கள் எல்லாமே அடங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இரண்டாம் முறை நச்சைச் சந்தித்த செல்களில், ஐ.எல்-6 போன்ற அழற்சி மரபணுக்கள் அடங்கின. கிருமியைக் கொல்லும் புரதங்களுக்கான மரபணுக்களோ தொடர்ந்து இயங்கின, சில முன்னிலும் வேகமாக. அடங்கிய மரபணுக்களைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன் என்ற டி.என்.ஏ சுற்றப்படும் புரதங்களில், செயல்பாட்டைக் காட்டும் வேதிக்குறிகள் மீண்டும் பதியவில்லை. சுற்றியுள்ள திசுவைச் சிதைக்கும் வேலையை நிறுத்திவிட்டு, கிருமியை எதிர்க்கும் வேலையைச் செல் விடாமல் செய்கிறது.

மருத்துவமனையில் இதன் மறுபக்கம் தெரிகிறது. தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றும் கடும் செப்சிஸிலிருந்து உயிர்தப்பும் நோயாளிகளின் மோனோசைட்டுகள் என்ற இரத்த வெள்ளணுக்கள், அகநச்சுக்கு மிகக் குறைவாகவே டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கின்றன, அந்நிலை நீடித்தால் புதுத் தொற்றுகள் எளிதில் ஏற்படுகின்றன. ஆனால் அது மீளாத நிலையன்று. 1997இல் பெர்லின் மருத்துவர்கள் காமா இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புரதத்தைக் கொடுத்து அத்தகைய நோயாளிகளின் மோனோசைட்டுகளை மீட்டனர். ஆய்வகத்தில் அகநச்சுக்குப் பழகிய மனித மோனோசைட்டுகள், பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள பீட்டா-குளுக்கான் என்ற பொருளைச் சேர்த்ததும் சுரக்கும் திறனை மீண்டும் பெற்றதை 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். சுரப்பு குன்றிய இந்நிலையை 'எதிர்ப்பாற்றல் முடக்கம்' என்று மருத்துவர்கள் அழைப்பது, மேற்கண்ட சான்றுகளுக்கு முன்னால் பாதி உண்மையையே சொல்கிறது என்பது என் முடிவு.