‘சொந்தத்தில் கல்யாணமா?’ – அரிய மரபு நோய் கண்டறிதலில் ஒரு கேள்வியின் எல்லை

தமிழ்நாட்டில் காரணம் புரியாத நோயுடன் ஒரு குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், பெற்றோரிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, “சொந்தத்துல கல்யாணமா?” என்பது. ‘ஆமாம்’ என்றால், பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணுப் பிரதி சேர்ந்து வரும் ஒடுங்கு மரபு நோய்கள் மருத்துவரின் பட்டியலில் மேலே ஏறுகின்றன. ‘இல்லை’ என்றால் கீழே இறங்குகின்றன. கேள்வி சரிதான். அந்த ‘இல்லை’க்கு நாம் தரும் எடைதான் தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். நெருங்கிய உறவில் மணப்பது வேறு, ஒரே சாதிக்குள் தலைமுறை தலைமுறையாக மணப்பது, அதாவது அகமணம், வேறு. இரண்டாவது நடைமுறை முதலாவது இல்லாமலே அரிய நோய்களை உண்டாக்கும். நம் மருத்துவ விசாரணை பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறது.

இக்கேள்வியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. சிறுநீர் காற்றுப்பட்டுக் கருக்கும் அல்காப்டோனூரியா நோயை ஆராய்ந்த லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட், நோயுற்றவர்களின் பெற்றோர் பலர் உடன்பிறந்தாரின் மக்களாக இருப்பதைக் கவனித்து 1902இல் எழுதினார். மெண்டலின் விதி அப்போதுதான் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. மரபியலாளர் வில்லியம் பேட்ஸன் இந்தச் செய்தியில் அவ்விதியை அடையாளம் கண்டார். மனித நோய் ஒன்றுக்கு ஒடுங்கு மரபு சொல்லப்பட்டது இப்படித்தான். ஆனால் காரட் பார்த்த மக்கள்தொகை பெரியது, கலந்து மணப்பது. அதில் உறவுமணம் அபூர்வம் என்பதால்தான் அது பளிச்சென்று தெரிந்தது. அந்த அளவுகோலை இந்தியச் சமூகங்களுக்கு அப்படியே பொருத்த முடியுமா?

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மக்கள்தொகையில் பழுதுள்ள மரபணுப் பிரதி ஆயிரத்துக்கு ஒன்று என்று கொள்வோம். உறவில்லாத தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் பழுதாக வரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால், குழந்தையின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு 1/16. எனவே நோய் வாய்ப்பு 60 மடங்குக்கு மேல் உயர்கிறது. (அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால் அது 1/8.) இப்போது அதே பிரதி ஒரு சாதிக்குள் ஐம்பதுக்கு ஒன்று என்று இருக்கட்டும். உறவில்லாத தம்பதியின் குழந்தைக்கே வாய்ப்பு 2,500இல் ஒன்று. அத்தை–மாமன் மக்கள் மணத்தில் அது சுமார் 4 மடங்குதான் கூடுகிறது. பத்தில் ஒரு திருமணம் இத்தகைய உறவுமணம் என்று வைத்துக்கொண்டால், முதல் நிலையில் நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 88 சதவீதம் உறவுமணத்தில் பிறந்தவர்கள். இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 31 சதவீதம் மட்டுமே. அதாவது, எந்தச் சமூகத்தில் அந்த நோய் உண்மையிலேயே அதிகமோ அங்கேதான் பெரும்பாலான பெற்றோர் ‘சொந்தம் இல்லை’ என்று பதில் சொல்வார்கள்.

இந்த இரண்டாம் நிலை வெறும் கற்பனை அன்று. இந்திய மக்களிடையே பரவலான கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்ததாகவும், அதன்பின் அகமணம் இறுகியதாகவும் 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு மேலும் கூர்மையானது. தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்கள், சிறு எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகியவை என்பதற்கான தடயத்தை ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவாகக் கொண்டிருந்தன. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை உடையவை. இன்று ஒரு சாதி எவ்வளவு பெரியது என்பதைக் கொண்டு அதன் மரபணு வரலாற்றைச் சொல்லிவிட முடியாது.

மருத்துவமனையில் இதன் முகம் என்ன? வைசியர் சமூகத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியின் குறைபாடு பிற குழுக்களைவிட நூறு மடங்கு அளவுக்கு அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அன்றாட வாழ்வில் இக்குறைபாட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. அறுவைச் சிகிச்சையின்போது சக்சினைல்கோலின் என்னும் தசைத் தளர்ப்பு மருந்து செலுத்தினால்தான் சிக்கல்: சில நிமிடங்களில் தீர வேண்டிய அதன் விளைவு மணிக்கணக்கில் நீடிக்கும், நோயாளிக்குத் தானாக மூச்சுவிட இயலாது. மயக்கமருந்து நிபுணர் முன்கூட்டி அறிந்திருந்தால் வேறு மருந்தைத் தேர்வார், அவ்வளவுதான். இன்னும் தெளிவான சான்று அகர்வால் சமூகத்தில் உள்ளது. முதல் வயதிலேயே தலை பெரிதாகி, பின்னர் நடை தள்ளாடி, வலிப்பும் வரும் ஒரு மூளை வெண்பொருள் நோயை அச்சமூகத்தில் மும்பை நரம்பியல் வல்லுநர் பீம் சிங்கால் குழுவினர் அடையாளம் கண்டனர். பின்னர் அந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் எம்எல்சி1 மரபணுவில் ஒரே திடீர்மாற்றம் இருப்பது தெரிந்தது. அகர்வால்கள் ஒரே கோத்திரத்தில் மணப்பதில்லை. நெருங்கிய உறவிலும் பெண் எடுப்பதில்லை. காரட்டின் கேள்வி இங்கே எதையும் பிடிக்காது. கொங்குப் பகுதியின் ‘கூட்டம்’ முறைக்கும் இது பொருந்தும். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், மணக்கமாட்டார்கள். ஆனால் அந்த விலக்கு தந்தைவழியை மட்டுமே பிரிக்கிறது. சாதிக்குள் சுழலும் பழைய பிரதிகளை அது தடுப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வேலூரில் சுந்தர ராவும் இன்பராஜும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டில் உறவுமணத் தம்பதியருக்கும் பிறருக்கும் கருச்சிதைவு, சிசு மரணம் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நூற்றாண்டுகளாக உறவில் மணந்து தீய பிரதிகள் களைந்துபோயின என்பது இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். நான் இதை வேறுவிதமாக வாசிக்கிறேன். ஒப்பிடப்பட்ட இரு தரப்பும் அகமணச் சாதிகளுக்குள் மணந்தவர்களே. அடித்தளமே உயர்ந்திருக்கும்போது மேலே கூடுவது சிறிதாகத்தான் தெரியும். இதனால் உறவுமணம் தீங்கற்றது என்று ஆகிவிடாது. பல நாடுகளின் தரவுகளைத் திரட்டிய பிட்டில்ஸ், பிளாக் ஆகியோர் உடன்பிறந்தாரின் மக்கள் தமக்குள் மணந்து பெற்ற குழந்தைகளிடையே சுமார் 3.5 சதவீதக் கூடுதல் இறப்பைக் கணித்திருக்கிறார்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உறவுமணம் இன்னும் நான்கில் ஒரு பங்குக்கு மேல். ஆபத்துகள் இரண்டும் உண்டு. ஒன்று மற்றதை மறைத்துவிடக் கூடாது.

உறவுமணம் இல்லாமலே வரும் மரபு நோய்களின் சிக்கலை ஃபின்லாந்து தன் வழியில் தீர்த்துக்கொண்டது. அங்கே உறவுமணம் மிகக் குறைவு. பிறவிச் சிறுநீரக நோய் ஒன்றை ஆராய்ந்த ரெய்யோ நோரியோ 1960களில் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, நோயாளிகளின் பாட்டன் பாட்டிமார் பிறந்த ஊர்களை வரைபடத்தில் குறித்தார். இன்று அந்நாட்டு மரபுடைமையாக அறியப்படும் முப்பத்தாறு அளவிலான நோய்கள் இத்தகைய உழைப்பில் தொகுக்கப்பட்டவை. நம்மிடம் அத்தகைய பதிவேடுகள் இல்லை. ஆனால் பூர்விக ஊர், குலதெய்வம், கொடுக்கல் வாங்கல் உள்ள ஊர்கள் என்று வீட்டுப் பெரியவர்களின் நினைவில் ஒரு வரைபடம் இருக்கிறது. வம்சாவளி வரையும் மருத்துவர் பெற்றோரோடு நிற்காமல் நான்கு தாத்தா பாட்டிகளின் ஊரையும் கேட்டால் அது வந்து சேரும்.

மரபணுக்களின் புரதம் குறிக்கும் பகுதிகளைப் படிக்கும் எக்ஸோம் சோதனை வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சோதனை ஆயிரக்கணக்கான மாறுபாடுகளைக் கொண்டுவந்து கொட்டும். பொதுத் தரவுத்தளத்தில் அடிக்கடி காணப்படுபவை தீங்கற்றவை என்று வடிகட்டப்படும். ஒரு சாதியில் பரவிய நோய்ப்பிரதி, அச்சாதியினர் நிறையப் பேர் தரவில் இருந்தால் ‘சாதாரணம்’ என்று கழிந்துபோகலாம். யாருமே இல்லாவிட்டால் ‘பொருள் உறுதியில்லை’ என்ற அறிக்கையோடு நின்றுவிடும். ஜீனோம் இந்தியா திட்டம் 83 குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்திருப்பது பெரிய முன்னேற்றம். ஆனாலும் நாட்டின் பல்லாயிரம் அகமணக் குழுக்களில் அது ஒரு சிறு பகுதி. சோதனைத் தரவிலேயே இன்னொரு உதவியும் உண்டு. இரு பிரதிகளும் ஒன்றாக இருக்கும் நீண்ட பகுதிகள் அண்மை உறவுமணத்தைக் காட்டும். குறுகிய துண்டுகள் பல சிதறியிருந்தால் அது பழைய அகமணத்தின் தடம். ஆய்வகங்கள் இதை அறிக்கையில் எழுதித் தர வேண்டும்.

குடும்பத்துக்கு இது எப்படிப் பயன்படும்? நோயுற்ற குழந்தையின் நோயற்ற அண்ணன் திருமணத்துக்குத் தயாராகிறான் என்று கொள்வோம். “சொந்தத்துல பண்ணாதீங்க, போதும்” என்பது இன்று வழங்கப்படும் அறிவுரை. அவன் பழுதுள்ள பிரதியைச் சுமக்கும் கேரியராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மேலே சொன்ன ஐம்பதுக்கு ஒன்று நிலையில், அதே சாதியில் உறவில்லாத பெண்ணை மணந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வாய்ப்பு சுமார் 150இல் ஒன்று. பிரதி ஆயிரத்துக்கு ஒன்றாக உள்ள வேறு குழுவில் மணந்தால் 3,000இல் ஒன்று. திடீர்மாற்றம் எதுவென்று தெரிந்தபின் மணப்பெண்ணுக்கு ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும்; அது அவரிடம் இல்லையென்றால் எந்தச் சாதியிலும் மணக்கலாம்.

சாதிப் பெயரை நோயோடு சேர்த்து எழுதுவதில் உள்ள அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தகவல் கல்யாணத் தரகர் கைக்குப் போனால் பெண்களின் வாழ்க்கைதான் முதலில் பாழாகும். எனவே அது மரபியல் பிரிவின் கோப்புக்குள், நோயாளியின் எழுத்துப்பூர்வ இசைவோடு மட்டுமே இருக்க வேண்டும்; வெளியிடும் தொகுப்புகளில் சிறு குழுக்களின் பெயருக்குப் பதில் குறியெண் போதும். பெற்றோரிடம் பேசும்போது, “நீங்க சொந்தத்துல கட்டினதால வந்தது” என்ற வாக்கியத்தை மருத்துவர்கள் கைவிட வேண்டும். அது பல வேளைகளில் அறிவியலாகவே தவறு. சரியாக இருக்கும் வேளைகளிலும், பெரியவர்கள் முடிவுசெய்த திருமணத்துக்கு அந்தத் தாயைக் குற்றவாளியாக்குகிறது.