மீன் கொலாஜன்: சருமப் பூச்சில் கடல்மீன் புரதத்தின் வரலாறு

மீன் கொலாஜன் என்பது மீனின் தோல், செதில், எலும்பு, காற்றுப்பை ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படும் புரதமாகும். முகப்பூச்சுகளிலும் களிம்புகளிலும் இன்று இது சேர்க்கப்படுகிறது. கொலாஜனின் முச்சுருள் அமைப்பை முதலில் எடுத்துக்காட்டிய ஆய்வு சென்னையில் நடந்தது. இப்பூச்சுகளால் ஆவது எது, ஆகாதது எது என்பதை அறியவும் அந்த அமைப்பே துணைசெய்கிறது.

பழைய பயன்பாடு

மீனின் காற்றுப்பையை உலர்த்திப் பெறப்படும் தூய பொருள் ஐசிங்கிளாஸ் எனப்பட்டது. மதுவகைகளைத் தெளியவைக்கவும் பசையாகவும் இது பயன்பட்டது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பட்டுத் துணியில் இதைத் தடவிச் சிறு காயங்களின்மேல் ஒட்டினர். இந்தியக் கரைகளிலிருந்து உலர்ந்த காற்றுப்பைகள் சீனாவுக்கும் சென்றன. இவ்வணிகம் குறித்து ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1842இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார்.

சென்னை ஆய்வு

1952இல் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதைச் சென்னைக்கு வந்த பிரிட்டன் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால் அவரிடம் கூறினார். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே, 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிர் ஆய்வுக்கு உட்படுத்தினர். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் முச்சுருள் அமைப்பை முன்வைத்தனர். 1955இல் அதைத் திருத்தி விரிவாக்கினர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் ரிச், கிரிக் ஆகியோர் வேறு கருத்துக் கூறினர். எனினும் முச்சுருள் என்னும் அடிப்படை நிலைத்தது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கு ஒன்று இன்றும் முச்சுருளின் பெயரைத் தாங்கியுள்ளது.

அமைப்பும் வெப்பமும்

மூன்று புரதச் சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருப்பதே முச்சுருள். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஓர் இடம் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலத்துக்கு உரியது. சுருளின் நடுவில் அதற்கு மட்டுமே இடம் உண்டு. ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமினோ அமிலம் சுருளை உறுதிப்படுத்துகிறது. மீன்களில் இது குறைவு. ஆகவே மீன் கொலாஜன் குறைந்த வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். குளிர்கடல் காட் மீனின் கொலாஜன் ஏறத்தாழ 15 பாகை செல்சியசில் அவிழும். பாலூட்டிகளின் கொலாஜனுக்கு ஏறத்தாழ 40 பாகை தேவை.

மீனுக்கு மாறிய காரணம்

அழகுச் சிகிச்சையில் முதலில் இடம்பெற்றது மாட்டுக் கொலாஜன். ஊசிவழிச் செலுத்தும் மாட்டுக் கொலாஜனுக்கு அமெரிக்கா 1981இல் ஒப்புதல் அளித்தது. 1986இல் பிரிட்டனில் மாட்டு மூளை நோய் கண்டறியப்பட்ட பின் மாற்று மூலங்களைத் தேடினர். மாட்டு, பன்றிப் பொருள்களைத் தவிர்ப்போருக்கும் மீன் ஏற்றதாயிற்று. மீன் பதப்படுத்தும் ஆலைகளில் கழிவாகும் தோலும் செதிலும் இதற்கு மூலப்பொருளாயின. கொச்சியில் 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய கழிவிலிருந்து கொலாஜன் எடுக்கும் முறைகளை ஆராய்ந்துள்ளது.

செதிலை அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தை நீக்குவர். பிறகு கொலாஜனைப் பிரித்து, நொதிகளால் சிறு துண்டுகளாக்குவர். இத்துண்டுகளே பெப்டைடுகள்.

பயனும் எல்லையும்

முழுக் கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். நலமான சருமத்தின் மேலடுக்கைக் கடந்து செல்லும் பொருள்கள் பொதுவாக 500 டால்டனுக்கு உட்பட்டவை. எனவே பூசிய கொலாஜன் உள்ளே சென்று சருமத்தின் கொலாஜனாக மாறுவதில்லை. அது மேலே மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைக் காக்கிறது; வறண்ட சருமத்துக்கு இதுவும் பயனே. பெப்டைடுகள் சிறியவையாயினும், சந்தையில் உள்ளவற்றில் பெரும்பகுதி சில ஆயிரம் டால்டன் எடையுடையவை. அவையும் அவ்வெல்லையைத் தாண்டுகின்றன.

உடல் தனக்குரிய கொலாஜனைத் தானே அமைத்துக்கொள்கிறது. அதற்கு உணவுப் புரதமும் வைட்டமின் சியும் வேண்டும். மீன் ஒவ்வாமை உள்ளோர் இப்பூச்சுகளின் உட்பொருள் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும்.