மூன்று ஆட்டம் ஆடியவனுக்கு வரலாறு உண்டா?



போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை, தேவாரத்தில் நம் வாசிப்பு வட்டத்துக்கு வந்த தம்பி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

வாரத்தில் ஆறு நாள் விடியும் முன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயும்போது மலை இறங்கி வருகிறவர் அவர். லீவு நாளில் கால்பந்து ஆடுவார். வலது ஓரத்தில் பந்து கிடைத்தால் அவரைப் பிடிப்பது கஷ்டம். பக்கத்து ஊர் அணி ஒன்று, டோர்னமென்டுக்கு ஆள் பற்றாமல் அவரை ‘கெஸ்ட் பிளேயர்’ என்று கூப்பிட்டுக்கொண்டது. மூன்று ஆட்டம் ஆடினார். இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த கோலில்தான் அந்த ஊருக்குக் கப் கிடைத்தது.

கப் வாங்கியதும் போட்டோ எடுத்தார்கள். “தம்பி, நீ கொஞ்சம் தள்ளி நில்லு, டீம் மட்டும் எடுத்துக்கிறோம்” என்றார்கள். விருந்து ஊருக்குள் ஒரு வீட்டில் நடந்தது. அவருக்கு மட்டும் பார்சல் கட்டிக் கையில் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் எல்லோர் முகமும் இருந்தது, கோல் அடித்தவர் முகத்தைத் தவிர.

“அண்ணே, மூணு மேட்ச் ஆடுனவனெல்லாம் வரலாத்துல வருவானா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பதிலும் வரவில்லை. ஒரு வாரம் தேடிப் படித்தோம். இப்போது சொல்கிறோம்: வருவான் தம்பி. உன்னைவிடக் குறைவாக ஆடியவர்கள்கூட வந்திருக்கிறார்கள். ஆனால் தானாக வரவில்லை. அந்தக் கதையைக் கேள்.

இரண்டு ஆட்டம்

1936. கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற அணி கொடிகட்டிப் பறந்த காலம். 1934-இல் கல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய அணி அதுதான். அதுவரை வெள்ளைக்கார அணிகளே வென்றுகொண்டிருந்தன. 1938 வரை ஐந்து ஆண்டுகள் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அணியில் ஓரத்தில் ஆடியவர் முகமது சலீம். பூட்ஸ் போட மாட்டார். அன்று நம் நாட்டில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள்.

ஸ்காட்லாந்தில் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் சலீமின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அவரைக் கப்பல் ஏற்றி கிளாஸ்கோ நகரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே செல்டிக் பெரிய கிளப். வெறுங்காலில் ஒருவர் ஆடப்போகிறார் என்றதும் முதலில் நம்பாமல் பார்த்தார்கள். ஆட வைத்துப் பார்த்தபின் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனெமி குனிந்து உட்கார்ந்து சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. இந்தியாவை வெள்ளையர் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் எடுத்த படம் அது. தேடிப் பாருங்கள்.

செல்டிக் ரிசர்வ் அணிக்காக அவர் ஆடியது இரண்டே ஆட்டம். கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. ஹாமில்டன் அணிக்கு எதிராக 5-1, அதில் பெனால்டியில் ஒரு கோல் சலீமுடையது. ஒரு பத்திரிகை அவரைப் புகழ்ந்தது. புகழும்போதும் ‘இந்திய வித்தைக்காரர்’ என்றுதான் தலைப்புப் போட்டது. ஆட்டக்காரர் என்று எழுத அதற்கு மனம் வரவில்லை. நம் ஆட்களின் திறமையை ‘பயலுக்கு ரத்தத்துல ஊறினது’ என்று சொல்லி உழைப்பை மறைக்கிறார்களே, அதே வேலைதான்.

செல்டிக் இருக்கச் சொன்னது. சலீமுக்கு ஊர் ஞாபகம் தாங்கவில்லை. கல்கத்தாவுக்குத் திரும்பி, பழைய அணியிலேயே ஆடினார். ஐரோப்பியக் கிளப் ஒன்றுக்காக ஆடிய முதல் தெற்காசியர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து சலீம் நோயில் விழுந்தபோது, அவர் மகன் செல்டிக் கிளப்புக்குக் கடிதம் எழுதினார். பணம் வேண்டி எழுதவில்லை, அப்பாவை ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுதினேன் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். 100 பவுண்டு காசோலையோடு பதில் வந்தது. அந்தக் காசோலையை அவர் மாற்றவே இல்லை, நினைவாக வைத்துக்கொண்டார்.

இரண்டு ஆட்டத்தை ஒரு கிளப் மறக்கவில்லை. நம் தம்பியின் மூன்று ஆட்டத்தை ஒரு ஊர் ஒரே வாரத்தில் மறந்துவிட்டது.

பத்து ஆட்டம்

சலீம் தானாகத் திரும்பி வந்தவர். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை.

வால்டர் டல், 1888-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர், அடிமைகளின் வழிவந்தவர். தாயும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்துபோக, டல் லண்டனில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1909-இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அவரை எடுத்தது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஆடிய மிகச் சில கறுப்பின ஆட்டக்காரர்களில் ஒருவரானார்.

அந்த ஆண்டு அக்டோபரில் பிரிஸ்டல் நகரத்தில் ஆட்டம். கூட்டத்தில் ஒரு பகுதி அவரை நிறத்தைச் சொல்லிக் கேவலமாகத் திட்டியது. அன்று களத்தில் இருந்த முன்கள ஆட்டக்காரர்களில் டல்தான் சிறந்தவர் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார். திட்டியவர்களைக் கண்டித்தும் எழுதினார். ஆனாலும் அதற்குப் பிறகு முதல் அணியில் டல்லுக்கு இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. இரண்டு சீசனில் மொத்தம் பத்து லீக் ஆட்டம், இரண்டு கோல். 1911-இல் நார்தாம்ப்டன் டவுன் அணிக்கு விற்றுவிட்டார்கள்.

குற்றம் செய்தது கூட்டம், இடம் போனது ஆட்டக்காரருக்கு. இது நமக்குப் பழகிய கதைதானே? திருவிழாவில் தகராறு என்றால், “கொஞ்ச நாளைக்கு நீங்க இந்தப் பக்கம் வராதீங்கப்பா” என்று யாரிடம் சொல்கிறார்கள்?

டல் நார்தாம்ப்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். ஆகவே பத்து ஆட்டத்தோடு அவரை நிறுத்தியது திறமைக் குறைவு அல்ல. பிறகு முதல் உலகப்போரில் சேர்ந்தார். வெள்ளையர் அல்லாதவர்களை அதிகாரியாக்கக் கூடாது என்று ராணுவ விதி இருந்த காலத்தில், 1917-இல் அதிகாரியானார். 1918 மார்ச் 25 அன்று பிரான்சில் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை.

ஓர் ஆட்டம்

தம்பி, உன் கணக்கு மூன்று. இவர் கணக்கைப் பார்.

ஆர்தர் வார்ட்டன், 1865-இல் இன்றைய கானா நாட்டின் அக்ராவில் பிறந்தவர். மதபோதகர் ஆவதற்கு இங்கிலாந்துக்குப் படிக்க வந்தவர், விளையாட்டுப் பக்கம் போய்விட்டார். 1886-இல் நூறு கஜம் ஓட்டத்தைப் பத்து விநாடியில் ஓடினார். உலகில் அன்று அதுதான் சாதனை. கால்பந்தில் கோல்கீப்பர். பிரெஸ்டன் நார்த் எண்ட் அணிக்காக ஆடி, 1887-இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை போனார். அவர் விலகிய பிறகு, 1888-89 சீசனில் அதே பிரெஸ்டன் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இங்கிலாந்தின் முதல் லீகை வென்றது. வார்ட்டன் அந்தப் படத்தில் இல்லை.

1889-இல் ராதர்ஹாம் டவுன் அணியில் சேர்ந்தார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் என்று வரலாறு அவரைச் சொல்கிறது. 1894-95-இல் ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்குப் போனார். அங்கே முதல் டிவிஷனில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம், சண்டர்லேண்டுக்கு எதிராக.

ஆட்டம் முடிந்த பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. 1930-இல் இறந்தார். புதைத்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. 67 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1997-இல்தான், ஷெஃபீல்டைச் சேர்ந்த ‘ஃபுட்பால் யுனைட்ஸ், ரேசிசம் டிவைட்ஸ்’ என்ற இனவெறி எதிர்ப்பு அமைப்பு முயன்று அங்கே கல்லறைக் கல் வைத்தது. ஃபில் வசிலி என்ற ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி வார்ட்டன் வாழ்க்கையையும் டல் வாழ்க்கையையும் புத்தகங்களாக எழுதினார். 2014-இல் இங்கிலாந்து அணியின் பயிற்சி மையத்தில் வார்ட்டனுக்குச் சிலை வைத்தார்கள்.

கவனியுங்கள். வார்ட்டன் ஆடிய ஆட்டம் 1930-இலும் அதேதான், 2014-இலும் அதேதான். ஒன்றுகூடக் கூடவில்லை. நடுவில் யாரோ எழுதினார்கள், யாரோ காசு திரட்டினார்கள், யாரோ விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாறியது அதனால்தான்.

தனிக் குவளை

நிறவெறி வேறு, சாதி வேறு என்று சொல்பவர்களுக்காகக் கிரிக்கெட்டிலிருந்து ஒருவரைச் சொல்லிவிடுகிறோம். பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மைதானம் பராமரிக்கும் வேலைக்குப் போய்ப் பந்து வீசக் கற்றுக்கொண்டார். வெள்ளையரை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக பூனா இந்துக்கள் அவரை அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் குவளை.

1911-இல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணி அவரைக் கேப்டனாக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923-இல் அந்த இடத்துக்கு வந்தார். இளம் வயதில் அம்பேத்கருக்கு பாலு மேல் பெரிய மரியாதை இருந்தது. பின்னாளில் 1937 தேர்தலில் பாலு காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம். இங்கே நாம் பார்க்க வேண்டியது அந்த மண் குவளையை. நம் தம்பி கையில் கொடுத்த பார்சல் அதன் பேரப்பிள்ளை. அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டதாகச் சொல்வது இதைத்தான்.

மலைக்கு மேலே

நம் ஊருக்கு வருவோம். போடி போய், போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டினால் மூணாறு. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அணிகளுக்கிடையே ஃபின்லே ஷீல்டு என்ற கால்பந்துப் போட்டி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளவும் கவாத்து வெட்டவும் மலை ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் ஏராளமானோர் நம் மக்கள். எந்த எஸ்டேட் ஜெயித்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கும். ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு, வேலை போய்க் கீழே இறங்கிய தொழிலாளியின் பெயரை யாரிடம் கேட்பது?

நம் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

உழைக்கிற சனம் ஓர் அணியில் நிலைத்து ஆட முடியாது. அறுவடை வந்தால் மலைக்குப் போக வேண்டும், அப்பா படுத்துவிட்டால் கூலிக்குப் போக வேண்டும், தகராறு என்றால் ஒதுங்க வேண்டும். ஆகவே நம் ஆட்டக்காரர்களின் வரலாறு குறுகிய வரலாறாகத்தான் இருக்கும். அதிக ஆட்டம் ஆடியவருக்குத்தான் இடம் என்றால், நமக்கு ஒருபோதும் இடம் கிடைக்காது. எத்தனை ஆட்டம் என்று கேட்பவர்களிடம், ஏன் அத்தோடு நின்றது, நிறுத்தியது யார் என்று திருப்பிக் கேட்போம்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று. ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டு. ஆடியவர் பெயர், ஆண்டு, எந்த அணி, எத்தனை ஆட்டம், ஏன் நின்றது. அவர் சம்மதத்தோடு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவோம். கபடி, வாலிபால், கிரிக்கெட் எல்லாம் சேர்த்து. தங்கைகள் ஆடியதையும் சேர்த்து. பள்ளி அணியில் ஒரு வருடம் ஓடிவிட்டுப் பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதத் தொடங்கினால்தான் தெரியும்.

இரண்டு. ‘கெஸ்ட்’ என்று யார் கூப்பிட்டாலும் போகும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அணிப் பட்டியலில் பெயர் இருக்குமா? போட்டோவில் நிற்போமா? ஒரே பந்தியில் சாப்பிடுவோமா? இல்லை என்றால் அவர்கள் கூப்பிடுவது காலை மட்டும்தான். காலைத் தனியாக அனுப்ப முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று. நம் சொந்த அணி. பெயர் பதிந்து, நம் மைதானத்தைக் கேட்டு வாங்கி, யார் வந்தாலும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிற அணி. நம் அணிக்கு ஒரு நாள் மட்டும் ஆட வருகிறவரையும் போட்டோவில் நடுவில் நிறுத்துவோம்.

நம் தம்பியின் பெயரை இங்கே போடவில்லை. திங்கட்கிழமை ஜீப் ஏற வேண்டியவர், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் தேவாரத்து நோட்டைத் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில், முதல் வரியில், அவர் பெயர் இருக்கிறது. பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறார்: மூன்று ஆட்டம், ஒரு கோல்.

இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு வாருங்கள்.

ஜெய் பீம்.