ஏகசந்தக்கிராகியும் அவதானியும்

நினைவாற்றல் மிக்கவரைப் புகழத் தமிழர் எடுத்தாளும் சொற்கள் பல. ஏகசந்தக்கிராகி என்பர், அட்டாவதானி, சதாவதானி என்பர், பாடம் அவருக்குக் கரதலபாடம் என்பர். அண்மைக் காலத்தில் 'புகைப்பட நினைவு' என்னும் தொடரும் செவியில் விழுகிறது. இவை யாவும் ஒரே பொருளன என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆதலின், இச்சொற்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஏகசந்தக்கிராகி. 'ஏக' என்பது ஒன்று. 'சந்தை' என்றவுடன் கடைத்தெருவை நினைத்தல் வேண்டா. ஆசிரியர் ஓதிக்காட்ட, மாணாக்கர் அதனைத் திருப்பி ஓதும் முறைக்குச் சந்தை என்பது பெயர். 'கிராகி' என்பவர் பற்றிக்கொள்பவர். ஒரே முறை ஓதக் கேட்ட அளவில் மனத்திற் பற்றிக்கொள்பவரே ஏகசந்தக்கிராகி. எனவே, இது செவிவழிக் கல்வி தந்த சொல். புகைப்பட நினைவோ கண்ணைப் பற்றியது. கேமரா தோன்றிய பின்னர் மேனாட்டிலிருந்து வந்தது. ஒரு பக்கத்தைக் கண்ட மாத்திரத்தில் படம்போல் அப்படியே பதித்துக்கொள்ளும் ஆற்றல் வளர்ந்தோரிடம் உண்டு என்பது, உளநூலார் ஆராய்ச்சியில் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

ஏகசந்தக்கிராகி என்பது எப்போதும் புகழ்மொழியாகவே வழங்கியது என்று கருதற்க. போசராசன் அவையைப் பற்றிய கதையொன்று உண்டு. அவ்வவைப் புலவருள் ஒருவர் ஒருமுறை கேட்டதையும், மற்றொருவர் இருமுறை கேட்டதையும், வேறொருவர் மும்முறை கேட்டதையும் திருப்பிச் சொல்ல வல்லவர். புதிய புலவர் எவரேனும் பாடினால், முதல்வர் எழுந்து "இது பழம்பாட்டு" என்று ஒப்பித்துவிடுவார். இருமுறை கேட்ட இரண்டாமவரும், மும்முறை கேட்ட மூன்றாமவரும் அவ்வாறே ஒப்பிப்பர். வந்தவர் பரிசின்றித் திரும்புவார். இறுதியில் வந்த புலவரோ, "அரசே, உன் தந்தை எனக்குப் பெருங்கடன் பட்டுள்ளார்" என்னும் பொருள்படப் பாடினார். பழம்பாட்டென்றால் அரசன் கடனைத் தீர்க்கவேண்டும். புதுப்பாட்டென்றால் பரிசு தரவேண்டும். அவைப் புலவர் வாயடைத்துப் போயினர். நினைவு வேறு, அறிவு வேறு என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

இனி, உருப்போடுதல். நான் வாழும் திருநீர்மலை, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற தலம். அடிவாரத்தில் நீர்வண்ணரும் மலைமேல் அரங்கநாதரும் கோயில் கொண்டுள்ளனர். அங்குப் பெரியோர் ஏடு பாராமல் பாசுரங்களைச் சேவிப்பதைக் கேட்போர், "இவர்கள் ஏகசந்தக்கிராகிகள்!" என்று வியப்பர். அது பொருந்தாது. இளமை முதல் பன்முறை ஓதி ஓதி வந்த பயன் அது. 'உரு' என்பது திரும்பத் திரும்ப ஓதுதல். "உரு ஏறத் திரு ஏறும்" என்னும் பழமொழியும் அதனையே குறிக்கும். நெட்டுரு என்பதிலும் இவ்வுருவே நிற்கிறது.

இப்பாசுரங்களே ஒருகாலத்தில் வழக்கற்றுப் போயின என்பது வைணவ மரபு. ஓதுவோர் வழி அற்றமையால் நூலும் மறைந்தது. காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த நாதமுனிகள், ஆயிரத்துள் ஒரு பத்துப் பாசுரங்களை மட்டும் ஓதக் கேட்டு, ஏனையவற்றைத் தேடி ஆழ்வார்திருநகரி சென்றார். அங்கு, மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு ஓதிய பின்னரே நாலாயிரமும் கிட்டின என்பர். வழிவழி வந்த இச்செய்தியில் நாம் காண்பது யாது? மரபு தன் பெருமகனை ஒருமுறை கேட்டு உணர்ந்தவராகக் காட்டவில்லை; பன்னீராயிரம் முறை ஓதியவராகவே போற்றுகின்றது.

மூன்றாவது சொல் அவதானம். இதன் நேர்ப்பொருள் நினைவு அன்று, கவனம். அட்டாவதானி ஒரே காலத்தில் எட்டுப் பொருளிலும், சதாவதானி நூறு பொருளிலும் கவனம் செலுத்துவார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் மணியடிப்பார், ஒருவர் முதுகில் நெல்மணியோ சிறுகல்லோ எறிவார். இறுதியில் அனைத்துக்கும் பிறழாமல் விடை கூறல் வேண்டும். வினோதரசமஞ்சரி இயற்றிய வீராசாமி செட்டியார் அட்டாவதானி. திரு.வி.க.வின் ஆசிரியராகிய யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். 'துருக்கன்' என்னும் சொல் அமைந்த ஈற்றடியை அவருக்கு ஒருவர் கொடுத்தாராம். இசுலாமியராகிய பாவலர், முன்னடியின் இறுதியில் 'சத்' என்னும் அசையை நிறுத்தி, அச்சொல்லை இராமன் தம்பி 'சத்துருக்கன்' ஆக்கினார் என்று கூறுவர். இது வெறும் நினைவோ? கவனமும் புலமையும் கலந்த ஆற்றல் அன்றோ? இக்கலையைத் தமிழில் கவனகம் என்பது சாலவும் பொருத்தமே.

இன்றோ, நான்கு வேலைகளை ஒருங்கே தொட்டு ஒன்றையும் முடியாதவரைக்கூட அட்டாவதானி என்கிறோம்.

இச்சொற்களை மயங்கி வழங்குவதன் தீங்கைப் பள்ளியில் நேரிற் கண்டேன். ஒரு தந்தை தம் இளைய மகனுடன் வந்து, "ஐயா, மூத்தவன் ஏகசந்தக்கிராகி. இவனுக்கு ஒன்றும் மனத்தில் நிற்பதில்லை. படிப்பை நிறுத்திவிடுகிறேன்" என்றார். நான் அச்சிறுவனிடம் பல்லாவரம் வழியே செல்லும் பேருந்துகளைப் பற்றி வினவினேன். தடங்களின் எண், நிற்கும் இடம், வரும் நேரம் அனைத்தையும் தடையின்றிச் சொன்னான். "நிற்கவில்லை என்றீர்களே, இவையெல்லாம் எங்கே நின்றன?" என்று கேட்டேன். தந்தை விடை கூறவில்லை. ஆனால் மகனைப் பள்ளியிலேயே விட்டுச் சென்றார். அவனுக்குக் குறைந்தது நினைவன்று, பாடத்தின்மேல் அவதானம்.

செருமானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து ஆராய்ந்து 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றது முதற் சில மணி நேரத்திலேயே பெரிதும் மறந்துபோகும் என்றும், ஒரே அமர்வில் குவித்து ஓதுவதினும் நாள்களைப் பகிர்ந்து ஓதுவது நன்று என்றும் கண்டார். நம் முன்னோர் சந்தை சொல்லிய முறையும் இதற்கு அணியதே.

மாணவர்களே, ஒருமுறை கேட்டுப் பற்றுவது சிலருக்கு வாய்க்கும் பேறு. அது வாய்க்கவில்லை என்று மனம் தளரவேண்டா. அவதானமும் உருவும் எல்லார்க்கும் உரியவை. இன்று படித்ததை நாளை ஒருமுறையும், அடுத்த வாரம் ஒருமுறையும் ஏடு பாராமல் சொல்லிப் பாருங்கள். கரதலபாடம் என்னும் சொல் அப்போது உங்களுக்கும் உரியதாகும்.