மூக்கு வழியே மூளையின் வாசலுக்கு

மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டால் "தலைக்குள்" என்று உடனே சொல்லிவிடுவோம். அது எந்தத் தரையின் மேல் அமர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மண்டையோட்டின் அடித்தளமே அந்தத் தரை. அதன் முன்பகுதிக்கு நேர்கீழே மூக்கும், சைனஸ் எனப்படும் காற்றறைகளும் உள்ளன. இடையே உள்ள எலும்பு சில இடங்களில் மிக மெல்லியது.

இத்தரையின் நடுவே, ஒரு சிறு குழியில், பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வளர்ந்தால், மேலே உள்ள பார்வை நரம்புகள் அழுத்தப்பட்டுக் கண்பார்வையே போய்விடலாம். கட்டியை அகற்ற இரண்டு வழிகள் உண்டு. மண்டையோட்டைத் திறந்து, மூளையை மெல்ல ஒதுக்கி, மேலிருந்து இறங்குவது ஒன்று. மூக்கு வழியே கீழிருந்து ஏறுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வழி திறந்து, மூடி, மீண்டும் திறந்த கதையைப் பார்ப்போம்.

முதல் முயற்சி

1907 மார்ச் 16 அன்று, ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில், ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் மூக்கை வெட்டிப் பக்கவாட்டில் திருப்பி, ஸ்பீனாய்டு காற்றறை வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எட்டினார். நோயாளி முதலில் தேறினார். ஆயினும் சில மாதங்களுக்குள் இறந்தார். கட்டியின் பெரும்பகுதி உள்ளேயே தங்கியிருந்தது பின்னர் தெரியவந்தது.

1910-இல் வியன்னாவின் மூக்கு மருத்துவர் ஆஸ்கர் ஹிர்ஷ், முகத்தில் வெட்டுக்காயமே இல்லாமல் நாசித்துவாரம் வழியாகச் சென்றார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேலுதட்டுக்கு அடியில் கீறி உள்ளே நுழைந்தார். 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு அவர் இவ்வாறு அறுவை செய்தார். இறந்தவர்கள் 5.6 விழுக்காட்டினரே. பெனிசிலின் இல்லாத காலத்தில் இது பெரிய சாதனை.

கைவிடப்பட்ட பாதை

வியப்பு என்னவென்றால், குஷிங்கே பின்னர் இவ்வழியைக் கைவிட்டார். பாதை குறுகலானது, இருண்டது. மேலிருந்து சென்றாலோ பார்வை நரம்புகளைக் கண்ணால் கண்டே விடுவிக்கலாம். மற்றவர்களும் அவரைப் பின்பற்றினர்.

ஆயினும் நூலிழை அறுபடவில்லை. குஷிங்கிடம் பயின்ற நார்மன் டாட், கருவியின் முனையில் விளக்கு பொருத்தி, எடின்பரோவில் இம்முறையைத் தொடர்ந்தார். 1956-இல் அவரிடம் இதைக் கண்டறிந்த ஜெரார் கியோ பிரான்சுக்குக் கொண்டு சென்றார். கியோவிடம் கற்ற ஜூல்ஸ் ஹார்டி, 1960-களில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் அறுவை நுண்ணோக்கியைப் புகுத்தினார். சுரப்பியைக் காப்பாற்றி, சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியை மட்டும் எடுப்பது கைகூடியது.

கண்ணாடிக் கோல் தந்த ஒளி

அடுத்த உதவி இயற்பியலிலிருந்து வந்தது. பழைய அகநோக்கிக் குழாய்களில் காற்றுவெளி நீளம்; நடுநடுவே சிறு வில்லைகள். பிரிட்டனின் ஹெரால்டு ஹாப்கின்ஸ் இதைத் தலைகீழாக்கினார். நீண்ட கண்ணாடிக் கோல்களை வைத்து, இடைவெளியைச் சிறிதாக்கினார். காட்சி பல மடங்கு பிரகாசமாயிற்று. கார்ல் ஸ்டார்ஸ் நிறுவனம் இக்கருவியைத் தயாரித்தது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் இதனால் மூக்கினுள் நோக்கினார். காற்றறைகளின் சளியை நுண்மயிர்கள் குறிப்பிட்ட தடங்களில் இயற்கைத் துளையை நோக்கித் தள்ளுவதை அவர் விளக்கிக் காட்டினார். ஆகவே சவ்வை முழுதும் சுரண்ட வேண்டாம், அடைப்பை நீக்கினாலே போதும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஸ்டாம்பெர்கரும் கென்னடியும் 1980-களில் இதை உலகெங்கும் பரப்பினர்.

இருவர், ஒரே பாதை

1990-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஜோவும் மூக்கு மருத்துவர் கராவும் இணைந்து, அகநோக்கியின் துணையால் பிட்யூட்டரிக் கட்டிகளை அகற்றினர். ஒருவர் கருவியைப் பிடிக்க, மற்றவர் இரு கைகளாலும் வேலை செய்யலாம் அல்லவா?

ஒரு சிக்கல் எஞ்சியது. திறந்த தரையை எப்படி அடைப்பது? மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கு வழியே கசிந்தால், கிருமிகள் மேலேறி மூளையுறை அழற்சி உண்டாகும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹடாடும் பஸாகஸ்டெகியும் வகுத்த முறை 2006-இல் வெளியாயிற்று. மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை அதன் இரத்தக் குழாயோடு திருப்பி ஓட்டையின் மேல் படர்த்துவதே அது. உயிருள்ள திசுவாதலால் நன்கு ஒட்டிக்கொள்ளும். கசிவு வெகுவாகக் குறைந்தது.

இன்று பல பல்கலைக்கழக மருத்துவமனைகளில் சைனஸுக்கும் மண்டையோட்டு அடித்தளத்துக்கும் சேர்த்துத் தனிப்பிரிவுகள் இயங்குகின்றன. எல்லாக் கட்டிகளுக்கும் இவ்வழி பொருந்தாது. பக்கவாட்டில் பரவியவற்றுக்கு மண்டையோட்டைத் திறக்கவே நேரலாம். எவ்வழி நல்லது என்பதை மூக்கு மருத்துவரும் மூளை மருத்துவரும் கூடி முடிவு செய்கிறார்கள். ஒரே எலும்பின் இருபுறமும் வேலை செய்த இவ்விரு துறையினரும் சேர்ந்து நிற்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.