எஸ்தோனியரின் சிற்றூர்களும் தேசிய வாழ்வும்

மன்னர் வாழ்ந்த மாநகரங்களையும் படைகள் பொருத களங்களையுமே வரலாறு எனக் கற்றுப் பழகியவர் நாம். சொந்த அரசனும் இன்றி, தலைநகரில் உரிமையும் இன்றி, ஏழு நூற்றாண்டுகள் பிறர் ஆட்சியில் உழன்ற ஓரினம் தன் மொழியை இழவாது வாழ்ந்தது எங்ஙனம் என்ற வினாவிற்கு அத்தகைய வரலாறு விடை தராது. விடை காண விரும்புவோர் சிற்றூர்களுக்கே செல்லல் வேண்டும். ஐரோப்பாவின் வடபால், போல்ற்றிக் கடலோரத்தே வாழும் எஸ்தோனிய மக்களின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

எஸ்தோனியா ஏறக்குறைய 45,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நாடு. அதன் குடித்தொகை 13 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டது. அதனுள்ளும் எஸ்தோனியர் மூன்றில் இரண்டு பங்கினர் அளவினரே. அவர்தம் மொழி பின்லாந்து மொழிக்கு உறவானது. அயலவரான ருஷ்யர், யேர்மானியர், இலத்வியர் ஆகியோரின் மொழிகளோடு இனத்தொடர்பு இல்லாதது.

13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யேர்மானியச் சிலுவைப் படையினரும் டென்மார்க்கினரும் இந்நாட்டை வென்றனர். 1343-ம் ஆண்டில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. பின்னர் சுவீடனும், 1710 முதல் ருஷ்யாவும் ஆண்டன. ஆள்வோர் மாறினரேயன்றி, நிலம் யேர்மானியப் பிரபுக்களிடமும், நகரம் யேர்மானிய வணிகரிடமுமே இருந்தது. உழவனோ பண்ணையடிமையானான். தன்னை எஸ்தோனியன் என்று அவன் சொல்லிக்கொள்ளவில்லை. "நிலத்து மக்கள்" என்பதே அவன் தன்னினத்துக்கு வழங்கிய பெயர்.

அவனுக்கு எஞ்சியது சிற்றூர் ஒன்றே. தானியம் உலர்த்தும் அறையும், களமும், குடியிருப்பும் ஒரே கூரையின்கீழ் அமைந்தது அவன் வீடு. நெடிய மாரிகால இரவுகளில் அவ்வீடுகளிலே பெண்கள் நூல் நூற்றனர், பழம்பாடல்கள் பாடப்பட்டன. ஒருவர் ஓரடியைப் பாட, ஏனையோர் அதனைத் திருப்பிப் பாடுவது அப்பாடல்களின் மரபு. பிரபுவின் மாளிகையிலும் நகரத்துக் கடையிலும் வழங்காத மொழி இங்ஙனம் அடுப்படியிலே உயிர் வாழ்ந்தது.

எழுத்தறிவும் சிற்றூர் வழியாகவே வந்தது. 1684-ம் ஆண்டில் போர்சேலியுஸ் என்பார் தார்த்து நகருக்கு அணித்தாய் உழவர் பிள்ளைகளை ஆசிரியராக்கும் கல்லூரியொன்றைத் தொடங்கினார். அது நான்காண்டுகளே நடைபெற்றது. எனினும் அங்குப் பயின்றோர் ஊர்தோறும் சென்று கற்பித்தனர். 1739-ல் விவிலியம் முழுவதும் எஸ்தோனிய மொழியில் அச்சாயிற்று. ஆளும் வகுப்பாரின் குருமார் சமயப் பணிக்கென வளர்த்த எழுத்து, பின்னாளில் அடிமைப்பட்ட மக்களின் தேசியக் கருவியாயிற்று என்பது சிந்திக்கற்பாலது. 1897-ம் ஆண்டுக் குடிமதிப்பின்போது, எஸ்தோனியருள் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேற்பட்டோர் வாசிக்க அறிந்திருந்தனர்.

1816-லும் 1819-லும் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனால், விடுதலை பெற்றவனுக்கு நிலம் கிடைக்கவில்லை. நிலத்துக்காகப் பிரபுவின் வயலிலே முன்போலவே உழைக்க நேர்ந்தது. இத்துயரினின்றும் தம்மை மீட்க வெண்ணிறக் கப்பலொன்று வரும் என்று நம்பி, 1861-ம் ஆண்டில் மால்ட்சுவெத் என்னும் சமயப் போதகரைப் பின்பற்றியோர் தல்லின் நகருக்கு அருகே கடலைப் பார்த்துக் காத்திருந்தனர். கப்பல் வரவில்லை. ஆயினும் நிலந்தேடிப் பலர் கிறீமியாவுக்கும், பின்னர் கோக்கசு மலைநாட்டுக்கும் சென்று குடியேறினர். 1880-களில் கருங்கடற் கரையோரத்தே அமைந்த ஊர்களுக்கு அவர் சால்மே, சுலேவி, லிண்டா, எஸ்தோனியா எனப் பெயரிட்டனர். இவற்றுள் முதல் மூன்றும், மருத்துவர் குரொய்ற்சுவால்ட் நாட்டார் கதைகளைத் தொகுத்து இயற்றிய "கலேவிபோக்" என்னும் காவியத்தில் வரும் பெயர்கள். அக்காவியம் வெளிவந்து முப்பதாண்டுகள் ஆகுமுன்னரே, ஏழை உழவர் அதன் பெயர்களைத் தம் ஊர்ப்பெயராகச் சுமந்து சென்றனர் என்றால், புதிய உணர்ச்சி எத்துணை விரைவாகப் பரவியது என்பது புலனாகும்.

அவ்வுணர்ச்சியைப் பரப்பியவை எவை? முதலாவது பத்திரிகை. 1857-ல் யான்சன் என்பார் பார்னு என்னும் சிறுபட்டினத்தில் தொடங்கிய வாரப் பத்திரிகை, வாசகரை "எஸ்தோனிய மக்களே" என விளித்தது. "நிலத்து மக்கள்" ஒரு தேசிய இனத்தின் பெயரைப் பெற்றனர். இரண்டாவது சங்கம். பாடற்குழு, இசைக்குழு, உழவர் சங்கம், மதுவிலக்குச் சங்கம் என்பன ஊர்தோறும் தோன்றின. 1869-ம் ஆண்டில் தார்த்து நகரில் முதலாவது பாடல் விழா நிகழ்ந்தது. அடிமை நீக்கத்தின் ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடுவதே அதன் நோக்கம். 800-க்கு மேற்பட்ட பாடகரும் இசைஞரும் கூடினர். அவருட் பெரும்பாலோர் கிராமத்தவர். தம் ஊரே உலகமென இருந்தவர்கள் தம்மைப்போற் பிறரும் உளர் என்பதை அன்று கண்டனர். மூன்றாவது தொகுப்புப்பணி. 1888-ல் வண. யாக்கோப் ஹூர்த் பழம்பாடல்களையும் கதைகளையும் எழுதியனுப்புமாறு பத்திரிகை வாயிலாக வேண்டினார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வேண்டுகோளுக்கு இணங்கினர். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்தன. தொகையாற் பெரியராக இயலாத இனம் பண்பாற் பெரிதாகலாம் என்பது அவர் கொள்கை.

1918 பெப்ரவரி 24-ல் எஸ்தோனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அடுத்த ஆண்டின் நிலச்சட்டத்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரும்பண்ணைகள் அரசுடைமையாயின. பல்லாயிரம் உழவர் சொந்த நிலம் பெற்றனர். பிரபுக்களின் மாளிகைகள் பல ஊர்ப்பள்ளிக்கூடங்களாயின. பாட்டன் சாட்டையடி பட்ட முற்றத்திலே பேரன் பாடம் படித்தான்.

அந்நல்வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. 1940-ல் சோவியத் படை நாட்டைக் கைப்பற்றியது. இடையே நாற்சி யேர்மனி மூன்றாண்டுகள் ஆண்டது. 1944-ல் பல்லாயிரவர் கடல் கடந்து ஓடினர். 1949 மார்ச்சு மாத இறுதியில், சில நாட்களுள், 20,000-க்கு மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவரும் முதியோருமே. எஞ்சிய உழவர் அச்சத்தினாற் கூட்டுப்பண்ணைகளிற் சேர்ந்தனர். தேசிய வாழ்வை வேரறுக்க விரும்பியோர் சிற்றூரையே முதலில் உடைத்தனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

ஆனாற் பாடல் விழா நிற்கவில்லை. 1988-ல் தல்லின் நகரின் விழாத்திடலில் மக்கள் இரவிரவாகப் பாடினர். 1989 ஆகஸ்டு 23-ல் போல்ற்றிக் கரையின் மூன்று நாட்டவரும் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தூரம் கைகோத்து நின்றனர். 1991 ஆகஸ்டு 20-ல் சுதந்திரம் மீண்டது.

இதனாற் சிற்றூரே எல்லாம் என்று கூறிவிடலாகாது. தனித்து நின்ற சிற்றூர் அறுநூறாண்டுகள் மொழியைக் காத்தது, உரிமையைத் தரவில்லை. பத்திரிகையும் பள்ளியும் சங்கமும் ஊர்களை ஒன்றோடொன்று பிணைத்த பின்னரே இனம் எழுந்தது. இன்றோ அந்நாட்டுக் குடிகளில் மூன்றிலொரு பங்கினர் தல்லினிலேயே வாழ்கின்றனர். 2017-ல் 213 உள்ளூராட்சிகள் 79 ஆகக் குறைக்கப்பட்டன. பகைவரால் அழியாத சிற்றூர், இளைஞர் நகர் நாடிச் செல்வதால் வெறுமையாகுமோ என்ற கவலை அங்கு உண்டு.

எனவே, சிறிய ஊரொன்றிற் பாடற்குழு நடத்துவதும், வாசிகசாலை திறப்பதும், முதியோர் வாய்மொழியை எழுதி வைப்பதும் அற்பச் செயல்கள் அல்ல. எஸ்தோனியரை ஓரினமாக்கியவை இவையே. அவற்றைச் செய்தோருட் பெரும்பாலோரின் பெயரை வரலாற்று நூல்கள் கூறுவதில்லை. அவர் செய்த வேலையோ இன்றும் ஒரு நாடாக நிற்கின்றது.