தேவாலயக் கோபுரமும் நடைமேடையும்: ஆங்கிலக் கிராம ஒளிப்படங்களின் வரலாறு

முன்னுரை

இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய ஒளிப்படங்களில் தேவாலயமும் வீடுகளும் இடம்பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. ரயில் நிலையம் இடம்பெற்றதற்கு வேறு காரணம் உண்டு. முன்னது பழமையைக் காக்கும் கவலையால் எடுக்கப்பட்டது. பின்னது பெரும்பாலும் அன்றாட வணிகத்தால் பிறந்தது. இவ்விரு போக்குகளும் இணைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டடங்களின் பதிவு

வில்ட்ஷயரிலுள்ள லேகாக் கிராமத்தில், தம் இல்லமான பழைய மடத்தின் சன்னலை 1835 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் படமெடுத்தார். இன்று எஞ்சியுள்ள நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. 1860இல் ஃபிரான்சிஸ் ஃபிரித், பிரிட்டனின் எல்லா ஊர்களையும் படமாக்கும் நோக்கோடு ரைகேட்டில் நிறுவனம் தொடங்கினார். கனத்த கண்ணாடித் தகடுகளோடு ஊர் ஊராகச் செல்ல இருப்புப்பாதைகளின் விரிவாக்கம் வழிசெய்தது.

தொழில் வளர்ச்சியில் பழைய கட்டடங்கள் அழிவதைக் கண்ட ஆர்வலர்கள் 1890இல் வார்விக்ஷயரில் ஒளிப்பட அளவாய்வைத் தொடங்கினர். 1897இல் நாடாளுமன்ற உறுப்பினர் பெஞ்சமின் ஸ்டோன் தேசிய ஒளிப்படப் பதிவுச் சங்கத்தை நிறுவினார். தேவாலயங்கள், பழைய மாளிகைகள், ஊர்ச் சடங்குகள் ஆகியவையே இவர்கள் முதன்மையாக நாடியவை. ரயில் நிலையமோ அவர்கள் காலத்துப் புதுக்கட்டடம்; காக்கப்பட வேண்டிய பழமையாக அது தோன்றவில்லை.

நிலையத்தின் பதிவு

அந்த இடைவெளியைப் பட அஞ்சலட்டைகள் நிரப்பின. தனியார் வெளியிடும் பட அஞ்சலட்டைகளை 1894இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை அனுமதித்தது. 1902இல் அட்டையின் பின்புறத்தை முகவரிக்கும் செய்திக்குமாகப் பிரிக்க இசைவு கிடைத்ததால், முன்புறம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. நிலைய அதிகாரியும் சுமைதூக்குவோரும் நடைமேடையில் வரிசையாக நிற்கும் படங்கள் இவ்வாறு ஊர்தோறும் விற்பனைக்கு வந்தன.

இவற்றின் மதிப்பை உணர்த்தியது இழப்பே. 1963இல் பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் அளித்த அறிக்கை 2,363 நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. கிளஸ்டர்ஷயரின் ஆடில்ஸ்ட்ராப் நிலையம் 1853இல் திறக்கப்பட்டு 1966 சனவரியில் மூடப்பட்டது. அவ்வழியே ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. நிலையக் கட்டடம் இல்லை. அதன் பெயர்ப்பலகை ஊர்ப் பேருந்து நிழற்குடையில் இருக்கிறது. அந்நிலையம் இருந்த தோற்றத்தை இன்று காட்டுபவை பழைய படங்களே.

சான்றாகும் முறை

தேதி குறிக்கப்படாத படத்தின் காலத்தை அதன் உட்கூறுகளால் வரையறுக்கலாம். பின்புறம் பிரிக்கப்பட்ட அட்டை 1902க்கு முந்தியதன்று. 1923இல் இணைப்பால் புதிதாகப் பிறந்த பெரும் ரயில் நிறுவனங்களுள் ஒன்றின் பெயர் அதற்குப் பிந்தைய காலத்தையும், பிரிட்டிஷ் ரயில்வேயின் பெயர் 1948இல் ரயில்கள் நாட்டுடைமையானதற்குப் பிந்தைய காலத்தையும் சுட்டும். எனினும் முத்திரைத் தேதி அட்டை அனுப்பப்பட்ட நாளையே காட்டும். படம் பல ஆண்டுகள் முந்தியதாகவும் இருக்கலாம். மூடிய பாதைகளை மீட்டெடுத்த ஆர்வலர் குழுக்கள் விளக்குகள், பலகைகள், வேலிகள் ஆகியவற்றின் பழைய வடிவத்தை இத்தகைய படங்களிலிருந்தும் அறிந்தன.

முடிவுரை

பழமை எனக் கருதப்பட்டது திட்டமிட்டுப் பதிவாயிற்று. அன்றாடம் எனக் கருதப்பட்டது தற்செயலாகவே தப்பியது. ஆகவே அளவாய்வுத் தொகுப்புகளை மட்டும் நம்பி எழுதப்படும் கிராம வரலாறு குறையுடையது. அஞ்சலட்டைகளையும் அவற்றுக்கு இணையான முதன்மைச் சான்றுகளாக ஆய்வாளர்கள் கொள்ள வேண்டும்.